பாடம் கேட்பதும் சுருக்கம் கேட்பதும்

அரியலூரிலிருந்து குன்னத்துக்கும், பின்னர்க் கார்குடிக்கும், அதன்பின் பெரம்பலூரை அடுத்த செங்கணத்துக்குமாக, ஜீவனத்தையும் பிள்ளையின் தமிழ்ப் படிப்பையும் ஒருசேர உத்தேசித்து, வேங்கடசுப்பையர் என்ற சங்கீத வித்துவானின் குடும்பம் ஊர் ஊராகப் பெயர்ந்துகொண்டிருந்தது, 1871-க்கு முந்திய சில வருஷங்களின் சரித்திரம். அந்தப் பிள்ளைதான் பிற்காலத்தில் மகாமகோபாத்தியாயர் உ.வே.சாமிநாதையர் என்று பெயர் பெற்றவர். அரியலூரில் சடகோபையங்கார் அவருக்குத் தமிழில் ருசி உண்டாக்கினார். கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடம் நன்னூல் கேட்டார். செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக்காரிகை கேட்டார். ‘பாடம் கேட்டார்’ என்பதுதான் அக்காலத்து வழக்கு. புஸ்தகத்தைக் கையில் வைத்திருந்தாலும் அதை ஒருவர் வாயால் கேட்டாலொழியப் படித்ததாக யாரும் ஒப்புக்கொள்வதில்லை. கேட்கும் இடம் தேடி நடக்க வேண்டியிருந்தது. நடப்பதற்கு வருஷக்கணக்கு ஆயிற்று.

இப்போது அதே குன்னத்தில், அதே செங்கணத்தில், கைப்பேசியைத் திறந்தால் ஆசிரியர்கள் நூற்றுக்கணக்கில் வந்து நிற்கிறார்கள். தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டு 26-ஆம் தேதி தொடங்கப்பட்டு, அதன் பாடங்கள் யூடியூபிலும் கிடைக்கின்றன, ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் வகுப்புகள் அதற்கும் பல ஆண்டுகள் முன்னரே இலவசமாக வந்துவிட்டன. ஆசிரியர் இல்லாத குறை தீர்ந்தது. அந்த இடத்தில் வேறொரு குறை வந்து உட்கார்ந்துகொண்டது: ஒரு மணி நேரக் காணொளியை ஒரு மணி நேரம் பார்ப்பதற்கு நமக்குப் பொறுமை இல்லை. அந்தப் பொறுமையின்மைக்குப் பரிகாரமாகச் செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. கூகுளின் நோட்புக் எல்.எம். 2024 செப்டம்பர் முதல் யூடியூப் சுட்டிகளையும் ஏற்றுக்கொள்கிறது. சுட்டியை ஒட்டிவிட்டால் போதும். பேராசிரியர் ஒரு மணி நேரம் சொன்னது பத்து வரியாகக் கையில் விழுகிறது.

பத்து வரி என்றதும் நம் பிரதேசத்து மாணவர்களுக்கு ஒரு பழைய சிநேகிதனைக் கண்ட மகிழ்ச்சி உண்டாவது இயல்பே. பின்தங்கிய ஜில்லாக்கள் என்று பிறர் சொல்லிவந்தவற்றில், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்தில் 2023-இல் பெரம்பலூரும், 2024-இல் அரியலூரும் மாநிலத்தில் முதலிடம் பெற்றன. 2025-இல் பன்னிரண்டாம் வகுப்பில் அரியலூர் 98.82 சதவீதத்தோடு முதலில் நின்றது. இதில் ஆசிரியர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு உத்தேசமில்லை. ஆனாலும் ‘நோட்ஸ்’ என்ற வஸ்துவுக்கும் இந்தக் கீர்த்தியில் ஒரு பங்கு உண்டென்பதை எவரும் மறுக்கமாட்டார்கள். யந்திரம் தரும் சுருக்கம் அந்த ‘நோட்ஸ்’ வமிசத்தின் புதிய வாரிசு. விலையில்லாமல் வருகிறது என்பது ஒன்றே வித்தியாசம்.

இந்தக் கருவி காணொளியை எப்படிப் ‘பார்க்கிறது’ என்பதைச் சற்று நிதானித்து அறிவது நல்லது. நான் சொன்ன கருவி படத்தைப் பார்ப்பதே இல்லை. பேச்சிலிருந்து எழுத்தாக மாற்றப்பட்ட வாசகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைப் படித்துத்தான் விடை சொல்கிறது. படத்தையும் பார்க்கும் ஜெமினி போன்றவை உண்டு. அவையும் சாதாரணமாக விநாடிக்கு ஒரு படம் வீதம் எடுத்துப் பார்ப்பவை. ஆகவே காது தவறினால் எல்லாம் தவறும். பெரம்பலூர்ப் பக்கத்துக் குடியானவர் ‘காயைப் பட்டறை போட்டு வெச்சிருக்கோம்’ என்றால், சின்ன வெங்காயத்தைக் காற்றோட்டமாகக் குவித்து மூடிப் பாதுகாத்திருக்கிறார் என்று செட்டிகுளத்துச் சிறு பையனுக்கும் தெரியும். வெளியூர்த் தமிழ் மட்டுமே பயின்ற யந்திரம் அதைக் கொல்லன் பட்டறையாக்கிவிட்டால், பழி யந்திரத்தை மட்டும் சேராது. நம் ஊர்ப் பேச்சை எழுத்தில் ஏற்றாமல் விட்ட நமக்கும் அதில் பாகம் உண்டு.

வார்த்தை தவறுவதாவது சகிக்கத்தக்கது. வார்த்தையே இல்லாத இடத்தில் என்ன செய்வது? 2018-ஆம் ஆண்டு மே மாதம் கர்நாடகத்துச் சிவமொக்காவில் இந்தியாவிலேயே முதன்முதலாகக் கண்டறியப்பட்ட மக்காச்சோளப் படைப்புழு, அந்த ஆண்டுப் பட்டத்திலேயே பெரம்பலூர், அரியலூர் மானாவாரி நிலங்களில் புகுந்து, குருத்துக்குள் உட்கார்ந்து பயிரைச் சல்லடையாக்கியது. அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு, 2016-இல் ஆப்பிரிக்காவுக்கு வந்து, அங்கிருந்து இங்கே குடியேறிய புழு அது. நம் பெரியவர்கள் ஒருவருக்கும் அதனோடு முன்பரிச்சயம் கிடையாது. பாட்டன் சொல்லித் தராத விஷயத்தை விவசாயிகள் வேறெங்கே கேட்பார்கள்? அதிகாரிகளிடம் கேட்டார்கள், கைப்பேசியிலும் தேடினார்கள். அப்படிப்பட்ட ஒரு காணொளியை எண்ணிப் பாருங்கள். வேளாண் விஞ்ஞானி குருத்தைப் பிரித்து, புழுவை உள்ளங்கையில் கிடத்தி, ‘தலையில இங்க பாருங்க, வாலுக்கு முன்னாடி இந்த நாலு புள்ளி, இதுதான் அடையாளம்’ என்கிறார். தலையில் இருப்பது ஆங்கில ஒய் எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தாற்போன்ற வெண்கோடு. அதை அவர் வாயால் சொல்லவில்லை, விரல் சொல்லிவிட்டது. எழுத்தாகிய வாசகத்தில் தலையைப் பற்றி ‘இங்க பாருங்க’ மட்டும் மிஞ்சுகிறது. அதைச் சுருக்கினால் அதுவும் போய்விடும். சுருக்குகிறவனுக்கு முதலில் அநாவசியமாகத் தோன்றுவது அந்த இரண்டு வார்த்தைதானே?

அளவு விஷயம் இன்னும் அபாயகரமானது. இந்தப் புழுவுக்கு எமாமெக்டின் பென்சோயேட் என்னும் மருந்தை லிட்டர் நீருக்கு 0.4 கிராம் கலப்பது சிபாரிசு. ‘பாயிண்ட் நாலு’ என்று சொன்னதில் ‘பாயிண்ட்’ காதில் விழாமற் போனால், விவசாயி பத்து மடங்கு விஷத்தைத் தெளித்துவிட்டு, ‘யந்திரம்தான் சொல்லிற்று’ என்பார்.

இவ்வளவும் சொன்னதனால் இந்தக் கருவியைத் தொடாதீர்கள் என்பது என் அபிப்பிராயமென்று யாரும் கொள்ளவேண்டாம். கார்குடியில் அந்தப் பிள்ளை கேட்ட நன்னூலிலேயே இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு கவனமாகக் கேட்டாலும் கல்வியில் கால் பங்குதான் கைகூடும்; உடன் பயில்வாரோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கு; பிறருக்குத் தான் எடுத்துரைப்பதால்தான் எஞ்சிய அரைப் பங்கு என்று அதன் ஆசிரியர் பவணந்தியார் பகுத்துவைத்தார். இந்தக் கணக்கின்படி, முழுக் காணொளியையும் கண்கொட்டாமல் பார்த்தவனே கால் பங்கு மாணவன்தான். சுருக்கத்தை மட்டும் படித்தவன் அந்தக் காலையும் யந்திரத்திடம் தானமாகக் கொடுத்துவிடுகிறான்.

அரைப் பங்கைச் சம்பாதித்துத் தர நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஒருவர் இருந்தார்; சட்டாம்பிள்ளை. அவர் உபாத்தியாயர் அல்லர், மாணவர்களுள் ஒருவரே. உபாத்தியாயர் சொல்லிக் கொடுத்ததைப் பிள்ளைகள் ஒப்புவிக்கையில் காதுகொடுத்துக் கேட்டு, தவறிய இடத்தில் நிறுத்துவது அவர் உத்தியோகம். சென்னையில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், மாணவனைக் கொண்டே மாணவனுக்குக் கற்பிக்கும் முறையை 1797-இல் லண்டனில் புஸ்தகமாக வெளியிட, அது ‘மதராஸ் முறை’ என்ற பெயரோடு இங்கிலாந்தில் பரவியது. (நம் சரக்கு அங்கே போய் அச்சேறித் திரும்பி வந்தபின் மதிப்புப் பெறுவது அன்றைக்கே தொடங்கிய சம்பிரதாயம்.) செயற்கை நுண்ணறிவுக்குப் பொருத்தமான உத்தியோகம் இந்தச் சட்டாம்பிள்ளை உத்தியோகமே என்பது என் துணிபு. காணொளியைத் தானே பார்த்து முடித்த மாணவி, ‘எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன், எங்கே தவறு என்று சொல், சுருக்கம் வேண்டாம், கேள்வி கேள்’ என்று கட்டளையிட்டால், அது சளைக்காமல் கேட்கும். நாற்பது பேர் நடுவே கை தூக்கக் கூச்சப்பட்டு, ‘புரிஞ்சுதா?’ என்ற கேள்விக்கு மூன்று வருஷமாகத் தலையாட்டி வந்த பெண், இரவு பத்து மணிக்கு ஏழாவது முறையாகவும் ‘ஏன்?’ என்று கேட்கலாம். தனிப்பயிற்சிக்குப் பணம் கட்ட வழியில்லாத வீட்டில் இது அற்ப லாபமன்று.

செங்கணத்து ரெட்டியார் காரிகையைச் செம்மையாகச் சொல்லிக் கொடுத்தார். அதற்கு மேல் இந்தப் பிள்ளை மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம்தான் பாடம் கேட்கவேண்டும் என்று வழிகாட்டியவரும் அவரே. தம் எல்லையை அறிந்து மாணவனை மேலே அனுப்பிய அந்தக் குணத்தை நம் யந்திரத்திடம் நாம்தான் கேட்டு வாங்கவேண்டியிருக்கிறது. ‘இந்தக் காணொளியில் இல்லாததைச் சொல்லாதே, இல்லை என்றே சொல்’ என்று முன்னதாகவே சொல்லிவைத்தால், அது பெரும்பாலும் அடங்கி நடக்கிறது. அப்படி அது ‘இல்லை’ என்று சொன்ன அன்று, மக்காச்சோளக்காரர் குருத்தோடு ஒரு செடியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, வாலிகண்டபுரத்திலோ சோழமாதேவியிலோ உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் பஸ் ஏறலாம். அங்கே புழுவைப் புரட்டிப் பார்க்க ஒருவர் இருப்பார்.