கற்பிக்கக் கற்றல்

ஒரு பொருளைத் தாம் அறிந்திருத்தல் வேறு. அதனைப் பிறர் அறியுமாறு செய்தல் வேறு. கணக்கில் வல்லவர் ஒருவர், ஏழு வயதுக் குழந்தைக்குக் கழித்தலை விளக்க இயலாமல் திகைத்து நிற்பதுண்டு. பல நூல் கற்ற புலவர், சிறுவர் முன்னிலையில் சொல் தடுமாறுவதுண்டு. ஆதலின் கற்பித்தலும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு கலையே என்பதை அறிஞர் உணர்ந்தனர். அக்கலையைப் பயிற்றுவதற்கென்றே ஆசிரியர் பயிற்சி நிலையங்கள் எழுந்தன.

புதுக்கோட்டையிலும் அத்தகைய நிலையம் உண்டு. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை அடியொற்றி மாவட்டந்தோறும் தோன்றிய ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களுள் அதுவும் ஒன்று. பன்னிரண்டாம் வகுப்பை முடித்த இளைஞர் இத்தகைய நிறுவனங்களில் ஈராண்டு பயின்று தொடக்கக் கல்விப் பட்டயம் பெறுகின்றனர். கந்தர்வகோட்டைப் பக்கத்திலோ, ஆவுடையார்கோயில் பக்கத்திலோ உள்ள ஒரு சிற்றூர்ப் பள்ளியில் நாளை வகுப்பேற்க இருப்பவர் இவர்களே. பெற்றோர் எழுத்தறியாத இல்லத்திலிருந்து வரும் குழந்தைக்கு ஆசிரியரே முதல் நூல். சில வேளைகளில் அவரே ஒரே நூல். ஆகவே, வருங்கால ஆசிரியர் எவ்வாறு ஆயத்தம் செய்யப்படுகிறார் என்பது அக்குழந்தையின் வாழ்வைப் பற்றிய வினாவேயாகும்.

முற்காலத்தில் பயிற்சி மாணவருக்குத் துணையாய் இருந்தவை ஆசிரியரின் விரிவுரையும் நூலகமும் மட்டுமே. திருக்கோகர்ணத்தில் ஒரு தம்பதியரின் அயராத உழைப்பால் உருவான ஞானாலயா நூலகம் புதுக்கோட்டைக்கு வாய்த்த நற்பேறு. அத்தகைய நூலகம் எல்லா ஊர்க்கும் வாய்ப்பதன்று. இக்காலத்திலோ, கையடக்கக் கருவி ஒன்றின் வழியே பெரும் நூலகங்கள் வீடு தேடி வருகின்றன. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் திருநாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றி வைத்தது. 2001ஆம் ஆண்டில் தோன்றிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயரோடு பாடங்களையும் அரிய நூல்களையும் வழங்கி வருகிறது. 2017ஆம் ஆண்டு ஆசிரியர் நாளன்று ‘தீக்ஷா’ என்னும் தளம் நாடு முழுமைக்கும் திறக்கப்பட்டது. 2018 முதல் வெளிவந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘கியூஆர்’ குறியீடுகள் அச்சிடப்பட்டன. அவற்றைக் கைப்பேசியால் நோக்கினால் பாடம் காணொளியாய் விரியும். 2019இல் கல்வித் தொலைக்காட்சியும், 2023இல் ‘மணற்கேணி’ என்னும் செயலியும் வந்தன.

இச்செல்வத்தின் பயன் பெரிது என்பதில் ஐயமில்லை. பின்னத்தைப் புளியங்கொட்டை கொண்டு விளக்கும் முறையையும், எழுத்தொலியைப் பாட்டால் பதிய வைக்கும் முறையையும் தேர்ந்த ஆசிரியர் நடத்திக் காட்டப் பயிற்சி மாணவர் வீட்டிலிருந்தே காணலாம். ஆயினும், இவ்வளவும் கிடைத்துவிட்டதால் பயிற்சி முழுமையுற்றதாகுமா? இவ்வினாவிற்கு விடை காண எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் துணை செய்கிறது.

நன்னூல், எழுத்தையும் சொல்லையும் கூறப் புகுமுன், கற்பிப்பவர் யார், கற்பவர் யார், கற்கும் முறை யாது என்பவற்றைப் பாயிரத்தில் வகுத்துரைக்கிறது. ஒரு நூலை இருமுறை கேட்டால் பிழை நீங்கும் என்றும், மும்முறை கேட்டால் முறையறிந்து எடுத்துரைக்கும் ஆற்றல் வரும் என்றும் அது சொல்கிறது. அதன்பின், அது பெரியதொரு கணக்கையும் தருகிறது. ஆசிரியர் உரைத்ததை மாணவர் எவ்வளவு நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் அவர் பெறுவது புலமையின் கால் பங்கே. உடன்கற்பாரோடு பழகிப் பயில்வதால் மற்றொரு கால் பங்கு வரும். எஞ்சிய அரைப் பங்கோ, கற்றதைப் பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைக்கும்போதுதான் நிறைவுறும். பொதுவாகக் கற்பார்க்கே இக்கணக்கு என்றால், கற்பிப்பதையே தொழிலாகக் கொள்ள இருப்பார்க்கு இது எத்துணைப் பொருத்தம்!

இணையம் தருவது அந்த முதற் கால் பங்கு. அதனை அது மிக நன்றாகவே தருகிறது. உயிருள்ள ஆசிரியர் ஒன்றையே மும்முறை சொல்லச் சலிப்படையலாம். காணொளி முப்பது முறை சொன்னாலும் சலிப்பதில்லை. வகுப்பில் எழுந்து ஐயம் கேட்கக் கூசும் மாணவர், தனியே அமர்ந்து திரும்பத் திரும்பக் கேட்டுத் தெளியலாம்.

ஆனால், இக்கால் பங்கிலும் ஓர் இடர் உண்டு. ஆசிரியராகத் தகாதவர்க்கு நன்னூல் கூறும் உவமைகளுள் கழற்குடம் ஒன்று. குடத்தில் கழற்காய்களை ஒரு முறையில் இடலாம். கவிழ்த்தால் அவை அம்முறையில் வெளிவருவதில்லை. இணையமும் தேடுவோர் முன் முதலில் வேண்டியதைப் பின்னும், பின் வேண்டியதை முன்னுமாக உருட்டிவிடுகிறது. பிழையானதும் திருத்தமானதும் ஒரே தட்டில் வருகின்றன. எனவே, எதனை முதலில் காண்பது, எதனைத் தள்ளுவது என்று வகுத்துக் கொடுக்கும் கடமை பயிற்சி நிறுவன ஆசிரியர்க்கு முன்னினும் மிகுதியாயிற்று. மாணவருக்கும் கடமை உண்டு. ஆடு ஒரு செடியில் தழை நிறைந்திருந்தும் வயிறார மேயாமல் செடிதோறும் கடித்துச் செல்லும். பசுவோ ஓரிடத்தில் நிறைய மேய்ந்து, பின் அமர்ந்து அசைபோடும். நன்னூல் ஆட்டைக் கடை மாணவர்க்கும், பசுவைத் தலை மாணவர்க்கும் உவமையாக்கியது. காணொளிதோறும் தாவுவோர் எவ்வகையினர் என்பதைத் தாமே தெளிந்துகொள்ளலாம்.

இரண்டாம் கால் பங்கு உடன்பயில்வாரிடம் உள்ளது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் நுண்ணிலைக் கற்பித்தல் என்னும் முறை உருவாயிற்று. பயிற்சி மாணவர் ஒருவர் சிலர்க்கு மட்டும் சில நிமிடம் பாடம் நடத்துவார். அது படமாகப் பதிவு செய்யப்படும். பின்னர் அதனைப் பார்த்துக் குறைநிறைகளைத் திருத்திக்கொண்டு மீண்டும் நடத்துவார். அந்நாளில் அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியிருந்தது. இன்று ஒரு கைப்பேசி போதும். வினாக் கேட்டுவிட்டு விடைக்குக் காத்திராமல் தாமே விடை கூறிவிடும் பழக்கத்தைப் பிறர் சுட்டினால் சினம் வரும். தம் பதிவிலேயே கண்டால் நாணம் வரும். அந்நாணமே திருத்தத்தின் தொடக்கம்.

எஞ்சிய அரைப் பங்கைத் தருவோர் குழந்தைகளே. இதனைப் புதுக்கோட்டைக்குப் பிறர் கூற வேண்டியதில்லை. 1991ஆம் ஆண்டில் இம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுந்தது. மாவட்ட ஆட்சியராயிருந்த ஷீலாராணி சுங்கத் அதற்குப் பேரூக்கம் அளித்தார். எழுத்துக் கற்ற பெண்கள் அதனோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். 1992ஆம் ஆண்டு மகளிர் நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டிகளில் அணிவகுத்து வந்த காட்சி நகரையே வியப்பில் ஆழ்த்தியது. அவர்களுள் ஒருவரேனும் பிறர் ஓட்டுவதைப் பார்த்து மட்டும் கற்றவரல்லர். ஏறினர், விழுந்தனர், முழங்காலில் புழுதி தட்டி மீண்டும் ஏறினர். பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவந்தவர், தக்க வேளையில் கையை விட்டார். ஆசிரியர் பயிற்சியும் இத்தன்மையதே. வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்து கவனிக்கும் மூத்த ஆசிரியரே, பின்னால் பிடித்து ஓடிவருபவர். அவர் இடத்தை எந்தத் திரையும் நிரப்ப இயலாது.

பெருந்தொற்றுக் காலம் இதனை மெய்ப்பித்தது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரை உள்ள வகுப்புகள் 2021 நவம்பர் முதல் நாளில்தான் திறந்தன. இடைக்காலத்தில் பாடங்கள் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் வந்துகொண்டே இருந்தன. பாடத்திற்குப் பஞ்சமில்லை; இருந்தும் குழந்தைகள் பின்தங்கினர். ‘இவ்விடத்தில் இக்குழந்தைக்கு விளங்கவில்லை’ என்று முகம் பார்த்து அறிய ஒருவர் இல்லாமற் போனதே காரணம். அதனாலன்றோ, ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டத்தின்கீழ்த் தன்னார்வலர் தெருத்தெருவாய்ச் சென்று குழந்தைகளின் அருகில் அமர வேண்டியதாயிற்று!

அஞ்சல்வழியும் இணையவழியும் ஆசிரியரை உருவாக்கலாமே என்று வினவுவார் உண்டு. 2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, பயிற்சி பெறாமல் பணியாற்றிய ஆசிரியர்கள் 2019 மார்ச்சுக்குள் தகுதி பெற வேண்டியிருந்தது. பத்து லட்சத்திற்கும் மேற்பட்டோர் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியே இணையத்தைத் துணைக்கொண்டு பயின்றனர். அது வியத்தகு முயற்சி. ஆயினும், அத்திட்டத்திலும் நேர்முக வகுப்புகளும் பள்ளியில் நடத்திக் காட்டும் பயிற்சியும் இடம்பெற்றிருந்தன என்பதை மறத்தலாகாது. அன்றியும், அவர்கள் நாள்தோறும் குழந்தைகள் முன் நின்றவர்கள். அரைப் பங்கு அவர்களிடம் முன்னரே இருந்தது. இன்னும் வகுப்பறையை மிதியாத இளைஞர்க்கு அக்கணக்குப் பொருந்தாது.

எனவே, கைப்பேசியைப் பயிற்சி நிலையத்தின் வாயிலிலேயே தடுப்பதும் தவறு. எல்லாம் கைப்பேசியில் உள்ளதென்று பயிற்சி நாட்களைக் குறைப்பது அதனினும் பெருந்தவறு. விரிவுரையை மாணவர் முன்னரே இணையத்தில் கேட்டு வருக. அதனால் மிஞ்சும் பொழுது நடத்திப் பார்ப்பதற்கும் உரையாடுவதற்கும் ஆகுக. இதுவே செய்யத்தக்கது. இணைய வசதி குன்றிய ஊர்களிலிருந்து வரும் மாணவர்க்கு நிறுவனமே கணினியும் பதிவிறக்கிய பாடங்களும் தந்து உதவுதல் வேண்டும். இல்லையேல், வசதியுடையார் ஒருவகை ஆசிரியராகவும், இல்லார் வேறுவகை ஆசிரியராகவும் வெளிவருவர்.

மற்றொன்றும் உண்டு. உலகிற்கெல்லாம் பொதுவாகச் செய்யப்பட்ட காணொளி, குழந்தையின் ஊரை அறியாது. குகை ஓவியம் பற்றிய பாடத்தில் அது அசந்தாவைக் காட்டும். புதுக்கோட்டைப் பிள்ளைக்கோ, சித்தன்னவாசலின் தாமரைக்குள ஓவியம் ஒருநாள் நடைப்பயணத்தில் எட்டக்கூடியது. குடுமியான்மலையின் இசைக் கல்வெட்டும், திருமயத்தின் கோட்டையும் அவ்வாறே. திரையில் கண்டதைத் தம் மண்ணோடு இணைத்துச் சொல்லத் தெரிந்தவரே ஆசிரியர்; கண்டதைக் கண்டவாறே ஒப்பிப்பவர் கிளி. நல்ல பயிற்சி மாணவர் பிறர் பாடத்தை எடுத்தாள்வதோடு அமையாமல், தம் ஊர்ப்பொருளால் தாம் அமைத்த பாடத்தையும் அப்பொதுக் களஞ்சியத்தில் சேர்ப்பார்.

மணற்கேணி தோண்டிய அளவே நீர் தரும். செயலிக்கு அப்பெயரிட்டோர் இதனை நினைந்தே இட்டனர் போலும். கேணி அருகில் இருப்பதனால் மட்டும் தாகம் தீராது. தோண்டும் கை வேண்டும். இன்று மாணவராய் இருப்போருள் சிலர் நாளை ஆசிரியராவர். அன்று அவர்கள் முன்னே ஒரு சிற்றூர்க் குழந்தை, விளங்காத முகத்தோடு நிமிர்ந்து பார்க்கும். அம்முகத்தைக் கண்டு, சொன்னதையே வேறு விதமாகச் சொல்லத் தெரிந்தவர், கால் பங்கோடு நில்லாமல் முழுமையும் கற்றவராவார்.