பண்பாட்டை எங்கே காண்பது?

ஒரு மக்களின் பண்பாட்டை அறிய விரும்பினால் எங்கே செல்ல வேண்டும்? நம் பல்கலைக் கழகங்களில் இவ்வினாவிற்கு விடை ஆயத்தமாக இருக்கிறது. ஒரு மாலைப் பொழுது, ஒரு மேடை, இரண்டு ஆடல், ஒரு பாடல், முடிவில் அந்நாட்டுச் சிற்றுண்டி. கை தட்டுகிறோம்; உண்கிறோம்; விடுதிக்குத் திரும்புகிறோம். மறுநாள் எவரேனும் கேட்டால், "மெக்ஸிகோப் பண்பாடு மிகவும் சுவையானது" என்கிறோம். நாம் சுவைத்தது பண்டத்தையா, பண்பாட்டையா?

கலைவிழாக்களுக்கு நான் பகைவன் அல்லேன். அவை வேண்டும், இன்னும் பல வேண்டும். ஆனால் பிறர் பார்ப்பதற்காக நடத்தும் விழா வேறு. தமக்குத் தேவைப்படுவதால் மக்கள் தாமே நடத்திக்கொள்ளும் விழா வேறு. முன்னதில் நாம் காண்பது அலங்காரம். பின்னதிலேதான் வாழ்க்கையைக் காண்கிறோம். இக்கருத்தை விளக்க அமெரிக்க நாட்டில் வாழும் லத்தீனோ மக்களை எடுத்துக்கொள்கிறேன். காரணம் உண்டு. நம்முள் பலர் மேற்படிப்புக்காக அந்நாடு செல்ல எண்ணுகிறவர்கள். டெக்ஸாஸிலோ, கலிபோர்னியாவிலோ, சிகாகோவிலோ போய் இறங்கினால் பக்கத்து வீட்டிலும், பக்கத்து இருக்கையிலும், கடையிலும், பேருந்திலும் லத்தீனோ மக்களையே காண்பார்கள். ஆயினும் அவர்களை அறியாமலே பட்டத்தோடு திரும்பிவிடுவதும் எளிது.

முதலில் அவர்கள் யார் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். லத்தீன் அமெரிக்க நாடுகளை வேராகக் கொண்டு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாழ்வோரே லத்தீனோ மக்கள். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அவர்கள் தொகை 6 கோடியே 21 லட்சம். அந்நாட்டு மக்களில் ஏறத்தாழ ஐவருக்கு ஒருவர். அவர்கள் எல்லாரும் வந்தேறியவர் என்று எண்ணுவது பிழை. 1848இல் மெக்ஸிகோ போரில் தோற்றுத் தன் நிலத்தில் பெரும் பகுதியை இழந்தபோது, அந்நிலத்தில் குடியிருந்தவர்கள் இருந்த இடத்தை விட்டு அசையாமலே வேற்று நாட்டினர் ஆயினர். போர்ட்டோ ரிக்கோத் தீவினர் 1917 முதலே அமெரிக்கக் குடிமக்கள். கியூபரும் குவாதமாலரும் கொலம்பியரும் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு துன்பங்களால் வந்தவர்கள். "லத்தீனோ" என்னும் ஒரு சொல்லின் நிழலில் பல வரலாறுகள் ஒதுங்கி நிற்கின்றன.

இவர்களுடைய விழாக்களுள் உலகறிந்தது மே 5ஆம் நாள் விழா. ஸ்பானிய மொழியில் "சின்கோ டே மாயோ" என்பர். 1862இல் அந்நாளில் பியூப்லா நகரில் மெக்ஸிகோப் படை, படையெடுத்து வந்த பிரெஞ்சுப் படையை முறியடித்தது. செய்தி கேட்டுக் கலிபோர்னியாவில் இருந்த மெக்ஸிகோ மக்கள் மகிழ்ந்து கொண்டாடினர். எளியவன் வலியவனை வென்ற நாள் அது. இன்று அது என்னவாயிற்று? 1980களில் மது வணிகர் அதன்மேல் கண் வைத்தனர். விளம்பரம் பெருகிற்று, வீரம் மறைந்தது. அகன்ற தொப்பியை அணிந்து, ஒட்டு மீசை வைத்துக்கொண்டு, அது மெக்ஸிகோவின் விடுதலை நாள் என்று எண்ணிக் குடிப்போர் இன்று பலர். மெக்ஸிகோவின் விடுதலை நாள் செப்டம்பர் 16 அன்றோ? கொண்டாடுகிறவனுக்கு எதைக் கொண்டாடுகிறோம் என்பதே தெரியாத விழாவில் ஆயிரம் பேர் கூடினாலும் அதனால் விளையும் அறிவு என்ன?

இதற்கு எதிர்ப்புறத்தில் வைத்துக் காட்ட ஓர் ஊர்ப்பகுதியைச் சொல்கிறேன். சிகாகோ நகரின் மையத்துக்குத் தென்மேற்கே பில்சன் என்று ஒரு பகுதி இருக்கிறது. செக் நாட்டிலிருந்து வந்து உழைத்தவர்கள் தம் தாயகத்து நகரின் பெயரை அதற்கு இட்டனர். பின்னர் அது மெக்ஸிகோ மக்களின் இருப்பிடமாயிற்று. எப்படி? 1960களின் தொடக்கத்தில் இல்லினாய்ப் பல்கலைக் கழகத்தின் சிகாகோ வளாகம் கட்டுவதற்காக, அருகிலிருந்த குடியிருப்புகள் இடிக்கப்பட்டன. அங்கிருந்த மெக்ஸிகோக் குடும்பங்கள் பல வீடிழந்து பில்சனுக்கு வந்தன. பல்கலைக் கழகத்து நிழலில் அமர்ந்து பண்பாடு பேசும் நாம் இதனை மறக்கலாகாது. அறிவுக்கோயில் எழுந்த இடத்தில் யாருடைய அடுப்பு அணைந்தது என்று கேட்பதும் கல்வியின் ஒரு பகுதியே.

வந்த இடத்தில் பிள்ளைகளுக்கு ஏற்ற உயர்நிலைப் பள்ளி இல்லை. பெற்றோர், குறிப்பாகத் தாய்மார், முன்னின்று போராடினர். பள்ளி தருவதாக ஆட்சியாளர் இசைந்தனர். அந்த மகிழ்ச்சியில் 1972இல் மக்கள் தெருவில் கூடி ஒரு விழா எடுத்தனர். "பியெஸ்டா டெல் சோல்", அதாவது "ஞாயிற்று விழா", என்று அதற்குப் பெயர். 1977இல் பள்ளி திறக்கப்பட்டது. மெக்ஸிகோவை ஆண்ட பழங்குடித் தலைவர் பெனிட்டோ ஹுவாரெஸின் பெயரை அது தாங்கி நிற்கிறது. தெருவில் பிறந்த விழாவோ பெருவிழாவாக வளர்ந்தது. அங்கே பாட்டு உண்டு, ஆட்டம் உண்டு, சோளத்து அடை உண்டு, மது இல்லை. மாணவர்க்கு உதவித்தொகை திரட்டுவது அதன் நோக்கங்களுள் ஒன்று. பள்ளிக்காகத் தோன்றிய விழா பள்ளிப் பிள்ளைகளை மறக்கவில்லை. இங்கே போய் நின்று ஒரு சோளக் கதிரை வாங்கித் தின்றால், அதன் பின்னால் ஒரு போராட்டம் நிற்கிறது என்பதை அறிந்து தின்கிறோம். அந்த அறிவில்தான் பண்பாடு இருக்கிறது.

அதே பில்சனில் மற்றொரு நிகழ்ச்சி. இதில் சிரிப்புக்கு இடமில்லை. 1976ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில் ஒரு குடியிருப்பில் தீப்பற்றியது. தீயணைக்க வந்தவர்களுக்கு ஸ்பானிய மொழி தெரியாது. உள்ளே குழந்தைகள் இருக்கிறார்கள் என்று கூடியிருந்தோர் கதறியது அவர்களுக்கு விளங்கவில்லை. குழந்தைகளும் தாய்மாரும் மாண்டனர். அடுத்த ஆண்டு புனித வெள்ளியன்று, அத்துயரைத் தாங்க மாட்டாத மக்கள் ஏசுநாதரின் சிலுவைப் பாடுகளை 18ஆம் தெரு வழியே தாமே நடித்து ஊர்வலம் சென்றனர். ஊராரே ஏசுவாகவும், போர்வீரராகவும், அழும் பெண்டிராகவும் நடித்தனர். அன்று தொடங்கியது பல்லாண்டு மரபாக நிலைத்துவிட்டது. சமய நாடகம் என்று மட்டும் இதனைச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. மொழி தெரியாமையால் ஓர் உயிர் போகக்கூடும் என்பதை ஒரு நகரத்துக்கு நினைவூட்டும் ஊர்வலம் அது. தாய்மொழி வழங்காத மாநிலத்தில் வாழும் நமக்கு, மருத்துவமனையிலும் காவல் நிலையத்திலும் சொல் கிடைக்காமல் தவிப்பது என்னவென்று சிறிதேனும் தெரியும். ஆகவே இதன் பொருள் நமக்கு விளங்காமற் போகாது.

நவம்பர் முதல் இரு நாட்களில் இறந்தோரை நினைக்கும் நாள் வருகிறது. வீட்டில் படையல் மேடை அமைத்து, இறந்தவர் படம் வைத்து, விளக்கேற்றி, நீரும் உப்பும் ரொட்டியும் அவர் விரும்பிய பண்டங்களும் படைக்கின்றனர். மேடையெங்கும் செண்டுமல்லி மலர். நாம் ஆயுத பூசைக்கு வண்டிகளில் கட்டும் செண்டுமல்லிக்குத் தாயகம் மெக்ஸிகோவே என்பது பலர் அறியாதது. இதையெல்லாம் கண்டவுடன், "ஆ! இது நம் படையல் போன்றதே" என்று சொல்லத் தோன்றும். சொல்லலாம், ஆனால் அதோடு நின்றுவிடலாகாது. ஒப்புமை கண்ட மகிழ்ச்சியில் எதிரே இருப்பவரைப் பார்க்காமல் நம்மையே பார்த்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். அந்த மேடையில் யார் படம் இருக்கிறது? எல்லை கடக்கையில் பாலைவனத்தில் மடிந்தவருடையதா? கோவிட் நோயில் மாண்ட தாத்தாவுடையதா? அவரைப் பற்றிக் கேட்டால் வீட்டார் சொல்வார்கள். கேட்பதற்காகத்தான் அந்தப் படமே அங்கு வைக்கப்பட்டிருக்கிறது.

இங்கே ஒரு தடை எழலாம். "பிறர் துயரிலும் வழிபாட்டிலும் அயலார் நுழைவது முறையாகுமா? மேடையில் காட்டுவதைப் பார்த்துவிட்டு ஒதுங்கி இருப்பதுதானே நாகரிகம்?" என்பர் சிலர். தடை நேர்மையானது. ஆனால் அழைப்பு இருக்கிறதா இல்லையா என்று அவர்கள் பார்த்ததுண்டா? கார்லோஸ் டோர்டொலெரோ என்னும் பள்ளி ஆசிரியரும் அவருடைய தோழர்களும் 1982இல் மெக்ஸிகோக் கலைக்கு ஓர் இல்லம் வேண்டும் என்று முயன்றனர். 1987இல் பில்சனின் பூங்கா ஒன்றில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இன்று அது மெக்ஸிகோக் கலைக்கான தேசிய அருங்காட்சியகம். உள்ளே செல்லக் கட்டணம் இல்லை. ஆண்டுதோறும் இறந்தோர் நாளையொட்டி அங்கே படையல் மேடைகளைக் காட்சியாக வைக்கின்றனர். பள்ளிப் பிள்ளைகள் கூட்டங்கூட்டமாக வருகின்றனர். கதவு திறந்தே இருக்கிறது. வாயிலில் செருப்பைக் கழற்றும் பணிவோடு நுழைகிறோமா, படம் எடுக்கும் அவசரத்தோடு நுழைகிறோமா என்பதே கேள்வி.

வேடிக்கை பார்ப்பதால் தீங்கென்ன என்று இன்னும் கேட்பவர்க்குப் பில்சனின் சுவர்கள் விடை கூறும். அங்குள்ள சுவர்களில் மக்கள் தம் வரலாற்றை ஓவியமாகத் தீட்டினர். ஓவியங்கள் புகழ் பெற்றன. புகழால் பார்ப்போர் வந்தனர், அவர்க்காகச் சிற்றுண்டிச் சாலைகள் வந்தன, வாடகை ஏறிற்று. வாடகை தர இயலாமல் 2000க்குப் பின் ஆயிரக்கணக்கான லத்தீனோ மக்கள் அப்பகுதியை விட்டு நீங்கினர். ஓவியம் இருக்கிறது, ஓவியத்தில் உள்ளவனின் குடும்பம் இல்லை. காசா அஸ்லான் என்னும் பொதுநல மன்றத்தின் கட்டடத்தில் 1970களில் ரே பட்லான் என்னும் ஓவியர் தீட்டிய சுவரோவியம் இருந்தது. மன்றம் கட்டடத்தை இழந்தது. வாங்கியவர் வாடகைக் குடியிருப்பாக்க முனைந்து 2017இல் ஓவியத்தின்மேல் வண்ணம் பூசி மறைத்துவிட்டார். ஊர் பொங்கி எழுந்தது. அதே ஓவியர் திரும்பி வந்து அதே சுவரில் புதிய ஓவியம் தீட்டினார். ஓவியம் மீண்டது, மன்றம் மீளவில்லை. அழகை மட்டும் விரும்பி ஆளை மறந்தால் நேர்வது இதுதான்.

2025இல் சிகாகோவில் மே 5 ஊர்வலத்தை அதன் அமைப்பாளரே கைவிட்டனர். குடியேற்றச் சோதனைகளுக்கு மக்கள் அஞ்சியதே காரணம். முந்தைய ஆண்டுகளில் அவ்வூர்வலத்தில் கைதட்டியவர் எத்தனை பேர்? அது நடவாதபோது, ஏன் நடக்கவில்லை என்று கேட்டவர் எத்தனை பேர்? விழாவுக்கு வருபவன் விருந்தாளி. விழா நின்றபோது வந்து விசாரிப்பவனே அண்டை வீட்டான். பண்பாட்டை அறிதல் என்பது விருந்தாளி அண்டை வீட்டானாக மாறுவதே என்பது என் துணிபு.

நண்பர்களே! அந்நாடு செல்லும் வாய்ப்பு உங்களுக்குக் கிட்டினால் மூன்று செய்யுங்கள். சில நூறு ஸ்பானியச் சொற்களையேனும் கற்றுக்கொண்டு செல்லுங்கள். ஒரு விழாவுக்குப் போகுமுன் அது எந்தத் தெருவில், எந்த ஆண்டில், எந்தத் தேவையால் தோன்றியது என்று கேட்டறியுங்கள். போன இடத்தில் நாற்காலி தேடாதீர்கள். நாற்காலி போடுகிறவர்களோடு சேர்ந்து நான்கு நாற்காலி தூக்கிப் போடுங்கள். மேடைக்கு முன்னால் ஓராண்டில் கல்லாததை மேடைக்குப் பின்னால் ஒரு மாலையில் கற்கலாம்.

செல்லாதவர்க்கும் வேலை இருக்கிறது. நம் சங்கத்துப் பொங்கல் விழாவுக்குப் பிற மாநில மாணவரை அழைக்கிறோம். இலை போட்டுச் சர்க்கரைப் பொங்கல் இடுகிறோம். அவர்களும் புகழ்ந்து உண்கின்றனர். இவ்வாண்டு அவர்களை முந்திய நாளே அழைப்போம். கோலமாவைக் கையில் கொடுப்போம். கரும்பு கட்டச் சொல்வோம். வீட்டை விட்டு இத்தனை தொலைவில் நாம் ஏன் இதனை விடாமல் செய்கிறோம் என்பதைச் சொல்வோம். பிறரிடம் நாம் எதிர்பார்ப்பதை முதலில் நம் வாயிலிலே செய்து காட்டுவோமாக!