கூடும் இடத்தின் உரிமை



சென்ற மாதம் ஒருநாள், அஸர் தொழுகைக்குப் பின் என் பழைய மாணவர்கள் ஐவர் மதரஸா வாசலில் வந்து நின்றனர். புல்லட் மோட்டார் சைக்கிளின் மீது அளவிலா ஆர்வம் கொண்ட இளைஞர்கள் அவர்கள். வாணியம்பாடி வட்டாரத்தில் அவ்வண்டி வைத்திருப்போர் இருபது பேர், மாதம் ஒரு ஞாயிறன்று ஒன்றுகூடி, பழுது பார்க்கும் முறைகளை ஒருவருக்கொருவர் கற்றுக்கொள்ள முடிவு செய்திருந்தனர். எங்கே கூடுவது என்பதில்தான் பிணக்கு. “ஹஜ்ரத், தாங்களே ஓர் இடத்தைச் சொல்லிவிடுங்கள்” என்றனர்.

இதிலும் மார்க்கம் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். கி.பி. 624இல் பத்ருக் களத்தில் நபி (ஸல்) அவர்கள் ஓரிடத்தில் தங்கியபோது, அது இறையாணையா, போர்த் தந்திரமா என ஹுபாப் இப்னு முன்திர் (ரலி) அவர்கள் பணிவுடன் வினவினார்கள். தந்திரமே என்றறிந்ததும், கிணறுகளையொட்டிய வேறோர் இடத்தை எடுத்துரைத்தார்கள். அண்ணலார் அதனை ஏற்று இடம் மாறினார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. எனவே நானும் தீர்ப்பு வழங்காமல், “வாருங்கள், ஒவ்வோர் இடத்தையும் சீர்தூக்கிப் பார்ப்போம்” என்றேன்.

முதலாவது, சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையோரத் தேநீர்க் கடை. வருவோர்க்கு எளிதான இடம். ஆயினும் இருபது வண்டிகள் ஓரத்தை அடைத்து நின்றால், பழுதான லாரி எங்கே ஒதுங்கும்? பாதைகளில் அமர்வதைத் தவிர்க்குமாறு நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். இயலாதெனத் தோழர்கள் கூறவே, பாதைக்கு அதன் உரிமையை வழங்கப் பணித்தார்கள். பார்வையைத் தாழ்த்துதல், பிறருக்குத் துன்பம் தராதிருத்தல், ஸலாமுக்குப் பதிலுரைத்தல், நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல் ஆகியவை அவ்வுரிமைகள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்ற செய்தி இது.

இரண்டாவது, ஏலகிரி. குளிர்ந்த காற்றும் ஏரியும் உண்டு. ஆனால் மேலே செல்ல 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். தனியே செல்பவன் நிதானமாகச் செல்வான். கூட்டமாகச் செல்லும்போதோ முந்தும் ஆசை தலைதூக்கும். சென்ற ஆண்டு அங்கே விழுந்து கால் முறிந்த நண்பன் அவ்வைவருள் ஒருவன். “இன்றும் நான் வண்டியை எடுத்தால், திரும்பி வரும்வரை அம்மா வாசற்படியிலேயே அமர்ந்திருக்கிறார்” என்று அவன் தலைகுனிந்து சொன்னான். அதன்பின் ஏலகிரியைப் பற்றி எவரும் பேசவில்லை.

மூன்றாவது, இரவு நேரத்தில் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர். அங்குள்ள வானாய்வு நிலையத்துக்கு 1986இல் விஞ்ஞானி வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட தொலைநோக்கி, மங்கிய விண்மீன்களின் ஒளியைச் சேகரிப்பதற்கு இருள் இன்றியமையாதது. முகப்பு விளக்குகளின் ஒளியும் பிறருக்குத் தொல்லையாகலாம் என்பதை அன்றுதான் அவர்கள் உணர்ந்தனர்.

இறுதியில் ஒருவன், “ஊர்க்கோடித் தென்னந்தோப்பு காலியாகத்தானே கிடக்கிறது? வேலிகூட இல்லை” என்றான். அது கைம்பெண்ணான ஓர் அம்மையாருக்கு உரியது. வேலி இல்லாததால் உரிமை இல்லாது போய்விடுமா? மதீனாவில் பள்ளிவாசல் எழுந்த நிலம் ஸஹ்ல், ஸுஹைல் என்னும் அனாதைச் சிறுவர் இருவருக்குச் சொந்தமானது. அவர்கள் அன்பளிப்பாகவே தர முன்வந்தும், அண்ணலார் விலை கொடுத்தே பெற்றார்கள் என்பதை நினைவூட்டினேன்.

இளைஞர்கள் அம்மையாரிடம் சென்று அனுமதி கேட்டனர். வாடகை வேண்டாமென்று அவர் மறுத்தும், வற்புறுத்திக் கொடுத்தனர். அவர் விதித்தது ஒரே நிபந்தனை: ஓசை கேட்டுக் கறவை மாடுகள் மிரளாதிருக்க, தோப்பின் எல்லையிலேயே இயந்திரத்தை நிறுத்திவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வரவேண்டும். காலை ஏழு மணிக்குக் கூடுகிறார்கள்; பம்புசெட்டு நீரில் உளூச் செய்து, லுஹர் ஜமாஅத்துக்குப் பள்ளிவாசல் சேர்ந்துவிடுகிறார்கள்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளைகளின் ஆர்வத்தை வெறுத்து ஒதுக்காதீர்கள். அவர்கள் எங்கே கூடுகிறார்கள், அவ்விடம் எவருக்கு உரியது, அங்கே எவருக்கேனும் தொல்லை நேருமா என்று அன்புடன் கேளுங்கள். கேட்கப் பழகிய பிள்ளை, பின்னர்த் தானே சிந்திக்கத் தொடங்கிவிடுவான்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாத்து, பிறருக்குத் துன்பம் தராதவர்களாக வாழச் செய்வானாக! ஆமீன்.