நம்பினால் போதுமா?

சென்ற மாதம் ஒரு சந்தையில் நாம் பேசிவிட்டுக் கீழே இறங்கியவுடன் ஒரு உபதேசியார் வந்து, "ஐயா, தாங்கள் எல்லா மதத்தையும் ஒரே கட்டாய்க் கட்டி அடிக்கிறீர்களே! எங்கள் மார்க்கத்தில் தட்சணை வேண்டாம், சடங்கு வேண்டாம், நம்பினால் போதும், இரட்சிப்பு இனாமாய்க் கிடைக்கிறது. இதில் தங்களுக்கு என்ன ஆட்சேபணை?" என்று கேட்டார். மரியாதையாகவே கேட்டார். கூட்டம் கலைந்துகொண்டிருந்ததால் அங்கே முழுப் பதில் சொல்ல முடியவில்லை. அதை இங்கே சொல்லுகிறோம்.

சுவிசேஷம் என்றால் நல்ல சேதி என்று அர்த்தம். கிரேக்க பாஷையில் உள்ள இந்த வார்த்தை இயேசுவுக்காகப் புதிதாய் உண்டாக்கப்பட்டதல்ல. கி.மு. 9ல் ரோமர் ஆட்சியிலிருந்த ஆசியா மாகாணத்துப் பட்டணத்தார், அகஸ்து சக்கரவர்த்தி பிறந்த நாளே உலகத்துக்கு நல்ல சேதிகளின் ஆரம்பம் என்று தீர்மானம் செய்து, கல்லில் வெட்டி வைத்தார்கள். பிரியேனே என்ற ஊரில் அந்தக் கல் அகப்பட்டிருக்கிறது. வரி வாங்குகிறவன் பிறந்த நாள் வரி கொடுக்கிறவனுக்கு நல்ல சேதியாம்! ஆகவே நல்ல சேதி, நல்ல சேதி என்று யார் கூவிக்கொண்டு வந்தாலும், யாருக்கு நல்லது, எந்த விஷயத்தில் நல்லது என்று கேட்க வேண்டியது புத்தியுள்ளவன் கடமை.

நிற்க, இந்த "நம்பினால் போதும்" என்பதாவது அவர்கள் வேதத்தில் ஒரே முடிவாய் இருக்கிறதா? பவுல் ரோமாபுரியாருக்கு எழுதிய நிருபத்தில், மனிதன் நீதிமானாவது விசுவாசத்தினாலேயே அல்லாமல் நியாயப்பிரமாணத்தின் கிரியைகளால் அல்ல என்கிறார். யாக்கோபின் நிருபமோ கிரியை இல்லாத விசுவாசம் செத்துப்போனது என்கிறது. இரண்டும் ஒரே அட்டைக்குள் இருக்கின்றன. மார்ட்டின் லூதர் 1522ல் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் பாஷையில் வெளியிட்டபோது, பவுலின் வாக்கியத்தில் மூலத்தில் இல்லாத "மாத்திரம்" என்ற வார்த்தையைத் தாமே சேர்த்தார். யாக்கோபின் நிருபத்தை வைக்கோலுக்கு ஒப்பிட்டு, புஸ்தகத்தின் கடைசிப் பக்கம் தள்ளினார். கடவுள் வாக்குக்கே ஒரு வார்த்தை கூட்டவும், இடம் மாற்றவும் மனிதனுக்கு உரிமையுண்டானால், நமக்கும் சற்று ஆராய்ந்து பார்க்க உரிமை உண்டல்லவா?

லூதரை நாம் பழிக்க வரவில்லை. 1517ல் அவர் செய்தது பெரிய காரியம். மெயின்ஸ் நகரத்து அத்தியட்சர் தம் பதவிக்காக வாங்கிய கடனை அடைக்கவும், ரோமில் போப்பு பெரிய கோவில் கட்டவும், பாவமன்னிப்புச் சீட்டு அச்சடித்து ஜெர்மனியில் விற்றார்கள். வசூலில் ஒரு பங்கு ஃபுக்கர் என்ற லேவாதேவிக்காரர் வீட்டுக்குப் போயிற்று. திதியும் திவசமும் சொல்லி நம்மிடம் பறிக்கும் அதே வியாபாரந்தான். லூதர் அதை எதிர்த்து, சீட்டினால் மோட்சமில்லை என்று எழுதினார். குருமாருக்கு அகப்பையைப் பிடுங்கியது போலாயிற்று. ஏழை ஜனங்கள் அவர் பக்கம் திரண்டதில் ஆச்சரியமில்லை.

அப்படித் திரண்ட ஏழைகளின் கதி என்னவாயிற்று என்பதைத்தான் உபதேசியார் கவனிக்க வேண்டும்.

1525ல் தென் ஜெர்மனியில் மெம்மிங்கென் என்ற ஊரில் குடியானவர்கள் கூடிப் பன்னிரண்டு கோரிக்கைகளை வெளியிட்டார்கள். அதை எழுதினவர்களில் லோட்சர் என்பவர் பண்டிதரல்ல, தோலாடைத் தொழிலாளி. காட்டில் விறகு எடுக்க உரிமை வேண்டும், ஆற்றில் மீன் பிடிக்க உரிமை வேண்டும், எங்கள் போதகரை நாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார்கள். குடும்பத்தலைவன் செத்தால் பிரேதம் வீட்டில் கிடக்கும்போதே எஜமான் ஆள் வந்து, விதவையும் குழந்தைகளும் அழ அழ நல்ல மாட்டை ஓட்டிக்கொண்டு போகும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்றார்கள். மூன்றாவது கோரிக்கைதான் முக்கியமானது. கிறிஸ்து தம் இரத்தத்தால் மேய்ப்பனையும் பிரபுவையும் ஒன்றுபோல் மீட்டிருக்க, நாங்கள் மட்டும் ஏன் பண்ணையடிமைகளாய் இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். வேதத்தில் தவறு காட்டினால் விட்டுவிடுகிறோம் என்றும் சேர்த்து எழுதினார்கள். இதைவிடப் பணிவாய் யார் கேட்க முடியும்?

லூதர் முதலில் பிரபுக்களையும் கண்டித்தார் என்பது உண்மை. ஆனால் மூன்றாவது கோரிக்கைக்கு அவர் சொன்ன பதில் என்ன? கிறிஸ்தவ விடுதலையை நீங்கள் மாம்சத்துக்குரியதாக்குகிறீர்கள், ஆபிரகாமிடமும் அடிமைகள் இருந்தார்கள், கைதியும் நோயாளியும் கிறிஸ்தவனாயிருப்பது போல அடிமையும் நல்ல கிறிஸ்தவனாயிருக்கலாம் என்றார். கலகம் முற்றியபின், மே மாதத்தில், குடியானவர்களைக் குத்துங்கள், வெட்டுங்கள் என்று பிரபுக்களுக்கு எழுதினார். மே 15ல் பிராங்கன்ஹவுசனில் பிரபுக்கள் பீரங்கி வைத்து ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். அந்த வருஷத்தில் மடிந்த குடியானவர்கள் 70,000 முதல் 1,00,000 வரை இருக்கலாமென்று கணக்கிடுகிறார்கள்.

இங்கே உபதேசியார், "நல்ல மரம் நல்ல கனி கொடுக்கும். மெய்யான விசுவாசம் இருந்தால் நற்கிரியை தானே வரும்" என்பார். வரட்டும், வேண்டாமென்று யார் சொன்னார்கள்? வராவிட்டால் என்ன செய்வது என்பதே நமது கேள்வி. அதற்கு, அது மெய்யான விசுவாசமல்ல என்கிறார்கள். அப்படியானால் கனியைப் பார்த்துத்தானே மரத்தைத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது! பிறகு கனியையே நேரே கேட்டுவிட்டுப் போகலாமே, நடுவில் விசுவாசம் என்ற தரகு எதற்கு?

அமெரிக்காவில் வர்ஜீனியா சட்டசபை 1667ல் ஒரு சட்டம் செய்தது. நீக்ரோ அடிமை ஞானஸ்நானம் பெற்றாலும் அவன் அடிமைத்தனம் மாறாது என்பதே அச்சட்டம். ஆத்துமா இரட்சிக்கப்பட்டது, உடம்பு எஜமானுக்குச் சொந்தம். இரண்டு பேருக்கும் நல்ல சேதி!

இதைப் படித்துவிட்டு நமது சைவ வைணவப் பண்டிதர்கள் சிரிக்க வேண்டாம். செய்யாத பாவமெல்லாம் செய்த அஜாமிளன், சாகும்போது "நாராயணா" என்று தன் பிள்ளையைக் கூப்பிட்டு மோட்சம் போன கதை அவர்கள் பாகவதத்தில்தான் இருக்கிறது. அவனுக்கு நம்பிக்கைகூடத் தேவைப்படவில்லை.

லூதர் மதப் பாதிரிமார் 1706ல் தரங்கம்பாடிக்கு வந்தார்கள். அச்சு யந்திரம் கொண்டு வந்தார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள். அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் கோவில்களில் சாதிக்கொரு இடமாகவே ஜனங்கள் உட்கார்ந்தார்கள். பிறகு ஆங்கிலச் சபையின் வசமான கோவில்களில் இந்தச் சாதி வித்தியாசத்தை உடனே விட்டுவிட வேண்டுமென்று கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன் 1833ல் உத்தரவு போட்டார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் கூட்டங்கூட்டமாய் வெளியேறினார்கள். அவர்கள் சொன்ன சமாதானம், சாதி லௌகீக விஷயம், மதத்தைச் சேர்ந்ததல்ல என்பது. அதாவது மெம்மிங்கென் குடியானவனுக்கு லூதர் சொன்ன அதே பதில். இவர்களும் தங்களை விசுவாசிகளென்றே சொல்லிக்கொண்டார்கள்.

உபதேசியார் அடுத்த சந்தைக்கும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் யாரை எந்தப் பக்கம் புதைக்கிறார்கள் என்று கேட்கலாமென்றிருக்கிறோம்.