பல்பை மட்டும் மாற்றினால் போதாது

“வெறும் 12 வோல்ட்தானே, அதில் என்ன ஆபத்து?” பொய்க்கூரையில் ஹேலோஜன் விளக்கு பொருத்திய பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். ‘குறைந்த மின்னழுத்தம்’ என்ற பெயரே அந்தத் துணிச்சலைத் தருகிறது. தொட்டால் மின்சாரம் தாக்கும் அபாயம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் கம்பியைச் சூடாக்குவது மின்னோட்டம். அது இங்கே குறைவதில்லை, பல மடங்கு கூடுகிறது.

கணக்கு எளிது. 50 வாட் விளக்கு 230 வோல்ட்டில் எரிய ஏறத்தாழ 0.2 ஆம்பியர் போதும். 12 வோல்ட்டில் எரிய 4 ஆம்பியருக்கு மேல் வேண்டும். நான்கு விளக்குகளை ஒரே மின்மாற்றியில் இணைத்தால் கிட்டத்தட்ட 17 ஆம்பியர். நம் வீட்டுச் சுவர் பிளக்கின் வரம்பே 13 ஆம்பியர்தான். 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பியை 5 மீட்டர் தூரம் இழுத்து இந்த நான்கையும் எரித்தால், வழியிலேயே சுமார் 2 வோல்ட் வீணாகிவிடும். 12 வோல்ட்டில் 2 வோல்ட் போனால் வெளிச்சம் ஏறக்குறையப் பாதியாகும். தளர்ந்த திருகு இணைப்பு ஒன்று இருந்தால் அந்த இடம் கொதிக்கும்.

விளக்கின் சூடும் சாதாரணமல்ல. ஹேலோஜன் பல்பின் உள்ளே ஆவியாகும் டங்ஸ்டன், ஹேலோஜன் வாயுவுடன் சேர்ந்து மீண்டும் இழைக்கே திரும்புகிறது. இது நடக்க பல்பின் சுவர் 250 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக இருக்க வேண்டும். வீடுகளில் பரவலான எம்ஆர்16 வகையில், பிரதிபலிப்பான் வெப்பத்தின் பெரும்பகுதியைப் பின்பக்கமாக, அதாவது பொய்க்கூரைக்குள் அனுப்புகிறது. கீழே உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரிவதில்லை. மேலே உள்ள கம்பியின் உறை ஆண்டுக்கணக்கில் வெந்து, விறைத்து, தொட்டால் உதிரும் நிலைக்கு வந்துவிடலாம்.

டிம்மர் வைத்தால் மின்சாரம் மிச்சமாகும் என்பது பாதி உண்மை. ஹேலோஜனின் ஒளியைப் பாதியாகக் குறைத்தாலும் அது 70 விழுக்காட்டுக்கு மேல் மின்சாரத்தை இழுக்கும். இழை குளிரக் குளிர அது தரும் ஒளி, மின்சாரத்தைவிட வேகமாகக் குறைகிறது. ஆறு விளக்குகள், 300 வாட், நாளுக்கு 5 மணி நேரம் என்றால் மாதம் 45 யூனிட். அந்த வெப்பத்தை வெளியேற்ற குளிர்சாதனமும் கூடுதலாக உழைக்க வேண்டும். 7 வாட் எல்இடி ஆறு போட்டால் அதே கணக்கு 6 யூனிட் சொச்சம்.

ஆனாலும் ஹேலோஜனை விரும்பியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மங்க மங்க அதன் ஒளி குத்துவிளக்குச் சுடர்போல் செம்மஞ்சளாகும். சாதாரண எல்இடி அப்படி மாறாது. மங்கினாலும் அதே நிறத்தில்தான் இருக்கும்.

சிங்கப்பூரில் பல்புகளுக்கான குறைந்தபட்ச எரிசக்தித் தரம் 2023ல் எல்இடி அளவுக்கு உயர்ந்தது. ஹேலோஜன் கடைகளிலிருந்து விடைபெற்று வருகிறது. நல்லதுதான். ஆனால் பலர் கடையில் எல்இடி பல்பை வாங்கி, பழைய துளையில் செருகிவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். விளக்கு மினுக்குகிறது, டிம்மர் ரீங்கரிக்கிறது, சில மாதங்களில் பல்பு போய்விடுகிறது. உடனே எல்இடியின் தரத்தைக் குறை கூறுகிறார்கள்.

குற்றம் பெரும்பாலும் பல்பில் இல்லை. ஹேலோஜனுக்கான மின்னணு மின்மாற்றி பலவற்றின் மேல் ‘20 முதல் 60 வாட் வரை’ என்று எழுதியிருக்கும். குறைந்தது 20 வாட் சுமை இருந்தால்தான் அது ஒழுங்காக இயங்கும். அதில் 6 வாட் எல்இடி ஒன்றைச் செருகினால் தடுமாறாமல் என்ன செய்யும்? டிம்மருக்கும் இதே கதை. அலையின் முன்பகுதியை வெட்டும் பழைய வகை, இரும்பு மையம் கொண்ட மின்மாற்றிக்குப் பொருந்தும். மின்னணு மின்மாற்றிக்கும் எல்இடிக்கும் பொதுவாக அலையின் பின்பகுதியை வெட்டும் வகையே ஏற்றது.

ஆகவே பல்பு, மின்மாற்றி, டிம்மர் மூன்றையும் ஒரே சங்கிலியாகப் பார்த்து, சேர்த்தே மாற்ற வேண்டும் என்பதே என் கருத்து. மின்மாற்றியை அகற்றிவிட்டு, 230 வோல்ட்டில் நேரடியாக எரியும், மங்கச் செய்யக்கூடிய எல்இடி விளக்குகளைப் பொருத்துவது பல வீடுகளுக்குச் சுலபமான வழி. அந்த வேலையை உரிமம் பெற்ற மின் ஊழியரிடம் கொடுங்கள். மேலே உள்ள கம்பியின் நிலையையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள். கூடுதல் செலவுதான், ஆனால் வெந்துபோன கம்பியைக் கண்டுபிடிக்க வேறு நல்ல தருணம் வாய்க்காது.

வீடு புதுப்பிக்கும் ஒப்பந்தக்காரர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். மின்மாற்றி எங்கே இருக்கிறது, எந்த வகை, எத்தனை வாட், எந்த டிம்மர் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கட்டும். சமையலறை அலமாரியின் நிறத்துக்கு நான்கு மாதிரிகள் காட்டுகிறார்கள். கூரைக்குள் மறைந்துபோகும் ஒன்றுக்கு ஒரு தாள் கூடவா கிடையாது? அந்தத் தாள் கைக்கு வரும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.