வீட்டுக் கணக்கால் நாட்டை வீழ்த்தியோர்

வரவுக்கு மேல் செலவழிப்பவன் கெட்டொழிவான்; ஆகவே கடன்பட்ட அரசும் வயிற்றைக் கட்டிக் கொள்ளத்தான் வேண்டும்! இந்த ஒரு சொற்றொடரைக் கையில் வைத்துக்கொண்டே, நூறாண்டுகளாக உலகப் பணமுதலைகள் உழைக்கும் மக்களின் வயிற்றில் அடித்து வருகின்றனர். கேட்கும்போது எத்துணை இனிய அறிவுரை! ஊர்ப்பெரியவர் ஒருவர் திண்ணையில் அமர்ந்து சொல்வது போன்றே இருக்கும். அதனாலேயே எளிய மக்கள் அதனை ஐயுறுவதில்லை.

வீட்டில் ஒருவன் செலவைச் சுருக்கினால் அவனுடைய வருவாய் சுருங்கிவிடாது. அவனுக்குக் கூலி தருபவன் வேறொருவன். நாட்டின் நிலை அதுவோ? நாட்டில் ஒருவனுடைய செலவே இன்னொருவனுடைய வருவாய். அரசு பள்ளி ஆசிரியரின் ஊதியத்தைக் குறைத்தால் அவர் துணிக்கடைப் பக்கம் போக மாட்டார். துணிக்கடைக்காரர் கடையாளை நிறுத்துவார். நிறுத்தப்பட்டவர் வீட்டு வாடகையைக் கொடுக்க இயலாது நிற்பார். இவர்கள் எல்லாரும் அரசுக்குச் செலுத்தி வந்த வரியும் நின்று போகும். கடன் மட்டும் நின்ற இடத்தில் நிற்கும், வட்டியோ ஏறும். தனியார் அனைவரும் அஞ்சிக் கையை மூடிக்கொண்ட வேளையில் அரசும் கையை மூடினால், கடன் குறையாது. கடனைத் தீர்க்கும் வலிமையே குறையும். ஆங்கிலப் பொருளியலறிஞர் கீன்சு 1936ஆம் ஆண்டிலேயே இதனை நூலாக எழுதி வைத்தார். எழுதி என்ன பயன்? கடன் கொடுத்தவனுக்கு வேண்டியது அறிவன்று, வட்டி.

ஆங்கிலத்தில் 'எக்கானமி' என வழங்கும் சொல் கிரேக்க மொழியிலிருந்து போந்தது. 'ஒய்க்கோசு' என்றால் வீடு. வீட்டை ஆளுதல் என்பதே அச்சொல்லின் வேர்ப்பொருள். தமிழில் பொருளியல் என்கின்றோருக்கு இந்த இடர்ப்பாடு இல்லை. அச்சொல்லில் வீடும் இல்லை, வாசலும் இல்லை. ஆனால், வீட்டாளுகை என்னும் சொல்லை உலகுக்கு ஈந்த அதே கிரேக்க மண்ணில்தான், வீட்டுக் கணக்கை நாட்டின் தலையில் ஏற்றிய பெருங்கொடுமை நடந்தேறியது.

2009ஆம் ஆண்டின் இறுதியில் கிரேக்க அரசின் உண்மைக் கணக்கு வெளிப்பட்டது. முன்னைய ஆட்சியர் பற்றாக்குறையை மறைத்து வைத்திருந்தனர். திருத்திப் பார்த்தபோது அது நாட்டின் மொத்த ஆண்டு விளைவில் 15 விழுக்காட்டுக்கும் மேல் இருந்தது. கிரேக்க ஆளுங்கூட்டத்தார் நல்லவர் அல்லர். கப்பல் முதலாளிகளிடமும் பெருஞ்செல்வரிடமும் வரி தண்டாமல் விட்டனர். பிரான்சிடமும் செருமனியிடமும் படைக்கலங்களை வாங்கிக் குவித்தனர். ஆனால், அவர்கள் செய்த குற்றத்துக்கு ஒறுப்பு யார்மேல் விழுந்தது?

2010 மே திங்களில் ஐரோப்பிய ஆணையம், ஐரோப்பிய நடுவண் வைப்பகம், பன்னாட்டுப் பண நிதியம் ஆகிய மூன்றின் மேற்பார்வையில் 11,000 கோடி யூரோ கடன் தர முடிவாயிற்று. இந்த மூவர் அணியைக் கிரேக்க மக்கள் 'திரோய்க்கா' என்றனர். மூன்று குதிரை பூட்டிய வண்டிக்கு உருசிய மொழியில் வழங்கும் பெயர் அது. வண்டியில் பூட்டப்பட்டவர் யார், ஏறியமர்ந்தவர் யார் என்பது விரைவிலேயே தெரிந்துவிட்டது. ஓய்வூதியம் மீண்டும் மீண்டும் வெட்டப்பட்டது. மருத்துவமனைச் செலவு வெட்டப்பட்டது. 2012 பிப்பிரவரியில் சட்டப்படியான அடிமட்டக் கூலி 22 விழுக்காடு குறைக்கப்பட்டது. இருபத்தைந்து அகவைக்குட்பட்ட இளைஞருக்கு 32 விழுக்காடு! 2013 சூன் 11ஆம் நாள் நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனமே ஒரே இரவில் வாயடைக்கப்பட்டது. தொலைக்காட்சித் திரை கருத்தது.

விளைவு என்ன? 2008இல் 8 விழுக்காட்டளவில் இருந்த வேலையின்மை 2013இல் 27 விழுக்காட்டைத் தாண்டியது. இளைஞருள் பாதிக்கு மேற்பட்டோர் வேலையற்று நின்றனர். நாட்டின் மொத்த விளைவில் காற்பங்கு அழிந்தது. போரில் தோற்ற நாட்டில் நிகழக்கூடிய அழிவு, குண்டொன்றும் விழாமலே நிகழ்ந்தது. படித்த மருத்துவரும் பொறியாளரும் உள்ளிட்ட நான்கு நூறாயிரத்துக்கும் மேற்பட்டோர் பிறந்த மண்ணைவிட்டு வெளியேறினர்.

இவ்வளவும் எதற்காக? கடனைக் குறைப்பதற்காக என்றனர். கடன் குறைந்ததா? 2009இல் ஆண்டு விளைவைப்போல் ஒன்றேகால் மடங்காக இருந்த கடன், 2014இல் ஒன்றேமுக்கால் மடங்கையும் கடந்தது. அதுவும், 2012இல் தனியார் வைத்திருந்த கடன்முறிகளின் முகமதிப்பில் பாதிக்கு மேல் தள்ளுபடியான பிறகு! வகுபடும் எண்ணைச் சற்றே செதுக்கிவிட்டு, வகுக்கும் எண்ணை வெட்டிச் சாய்த்தால் ஈவு ஏறத்தானே செய்யும்? நான்காம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த கணக்கு, பிரசல்சு நகரத்து வல்லுநர்களுக்குத் தெரியாமற் போயிற்றாம்!

இதற்கு அவர்கள் இட்ட பெயர் 'மீட்பு'. நல்ல தமிழ்ச்சொல்லாயினும் நல்ல ஆங்கிலச் சொல்லாயினும் தீயவர் வாயில் புகுந்தால் பொருள் திரிந்துவிடுகிறது. மீட்கப்பட்டவர் யார்? பெர்லினில் உள்ள ஐரோப்பிய மேலாண்மை, தொழில்நுட்பப் பள்ளியின் ஆய்வாளர்கள் முதலிரண்டு கடன்களின் பணம் சென்ற வழியை 2016இல் ஆராய்ந்தனர். 21,000 கோடி யூரோவுக்கு மேற்பட்ட அத்தொகையில் கிரேக்க அரசின் செலவுக்குச் சென்றது நூற்றுக்கு ஐந்தினும் குறைவு! எஞ்சியதெல்லாம் பழைய கடன், வட்டி, வைப்பகங்களுக்கு முட்டுக் கொடுத்தல் ஆகியவற்றுக்கே போயிற்று. கணக்கின்றிக் கடன் கொடுத்திருந்த பிரெஞ்சு, செருமானிய வைப்பகங்கள் கரையேறின. அவற்றின் சுமை ஐரோப்பியப் பொதுமக்களின் தோளுக்கு மாறியது. பிறகு அந்தப் பொதுமக்களிடமே, "சோம்பேறிக் கிரேக்கர் உங்கள் பணத்தைத் தின்கின்றனர்" என்று செய்தித்தாள்கள் வாயிலாகச் சொல்லி இரு நாட்டு மக்களையும் மோதவிட்டனர். கடன் கொடுப்பவனுக்கும் கடமை உண்டு. திருப்பித் தர இயலாதவனுக்கு அறிந்தே கொடுத்தவன் இழப்பைத் தாங்கவேண்டும் என்பது வணிகத்தின் முதல் அறம். அந்த அறம் ஏழைக்கு மட்டும் இல்லையாம்.

இந்தக் கொடுமைக்கு அறிவுச் சட்டை போர்த்தியவர்களும் இருந்தனர். பொருளியற் பேராசிரியர்களான இரெயின்கார்ட்டு, உரோகாபு இருவரும் 2010இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அரசின் கடன் ஆண்டு விளைவில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் நாட்டின் வளர்ச்சியே நின்றுவிடும் என்பது அதன் சாரம். அமைச்சர்கள் அதனை மறைநூல்போல் ஓதினர். 2013இல் மாசச்சூசெட்சு பல்கலைக்கழக மாணவர் தாமசு எர்ண்டன், பாடப்பயிற்சிக்காக அந்தக் கணக்கைச் செய்து பார்த்தார், விடை வரவில்லை. அவர்களுடைய கணிப்பொறி அட்டவணையை வாங்கிப் பார்த்தபோது, கூட்ட வேண்டிய இருபது நாடுகளுள் ஐந்து நாடுகள் கூட்டலில் விடுபட்டிருந்தன! வேறு குறைகளையும் தம் ஆசிரியர் இருவருடன் சேர்ந்து திருத்தியபோது, 0.1 விழுக்காடு தேய்வு எனச் சொல்லப்பட்டது 2.2 விழுக்காடு வளர்ச்சியாக மாறியது. பேராசிரியர்கள் கூட்டற்பிழையை ஒப்பினர், முடிவை விடவில்லை. அதற்குள் ஏதென்சில் கடைகள் மூடிவிட்டன.

பன்னாட்டுப் பண நிதியத்தின் தலைமைப் பொருளியலறிஞரும் 2012 அக்டோபரில் வாய்திறந்தார். அரசு ஒரு யூரோ குறைத்தால் நாட்டின் விளைவு அரை யூரோ குறையும் என்று கணித்திருந்தார்களாம், உண்மையில் 0.9 முதல் 1.7 வரை குறைந்ததாம்! மருந்தின் அளவைத் தவறாகக் குறித்ததை ஒப்பிய பின்னராவது மருந்தை நிறுத்தினரா? இல்லை. 2015 சூன் இறுதியில் வைப்பகங்கள் பூட்டப்பட்டன. ஒருவர் நாளொன்றுக்கு 60 யூரோவுக்கு மேல் எடுக்க இயலாது என்றாயிற்று. சூலை 5ஆம் நாள் கிரேக்க மக்கள் பொதுவாக்கெடுப்பில் 61 விழுக்காட்டினர் "வேண்டா" என்றனர். எட்டு நாள்களில் அவர்களுடைய அரசே பணிந்து, அதனினும் கடிய நிபந்தனைகளை ஏற்றது. ஒரு நாட்டு மக்களின் வாக்குச்சீட்டைவிட நடுவண் வைப்பகத்தின் பணக்குழாய் வலிது என்பதனை உலகம் கண்டது.

செருமனி இவ்வளவு கடுமை காட்டியதற்கு அதன் பழைய பட்டறிவே கரணியம் என்பர். எந்தப் பட்டறிவு? 1930 முதல் 1932 வரை செருமனியின் தலைமையமைச்சராக இருந்த புரூனிங்கு இதே வீட்டுக் கணக்கைத்தான் போட்டார். ஊதியத்தையும் வேலையற்றோர் உதவியையும் வெட்டினார். 1932 தொடக்கத்தில் வேலையற்றோர் 60 நூறாயிரம். 1928இல் 2.6 விழுக்காடு வாக்குப் பெற்ற இட்லரின் கட்சி 1932 சூலையில் 37 விழுக்காடு பெற்றது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அந்த நாட்டை நிமிர்த்தியவற்றுள் ஒன்று, 1953 பிப்பிரவரி 27இல் இலண்டனில் கையெழுத்தான கடன் உடன்படிக்கை. செருமனியின் வெளிநாட்டுக் கடனில் ஏறத்தாழப் பாதி தள்ளுபடி செய்யப்பட்டது. எஞ்சியதையும் ஏற்றுமதி வருவாயின் வலிவுக்கேற்பக் கட்டினாற் போதும் என்றனர். அதில் கையெழுத்திட்ட கடன் கொடுத்த நாடுகளுள் ஒன்று – கிரேக்கம்! செருமானியப் படையால் சூறையாடப்பட்டு, பட்டினியால் பல்லாயிரவரைப் பறிகொடுத்த கிரேக்கம் அன்று பெருந்தன்மை காட்டியது. அறுபதாண்டுக்குப் பின் அதற்குக் கிட்டிய கைம்மாறு? கிரேக்கத்தின் பதினான்கு வானூர்தி நிலையங்கள் நாற்பதாண்டுக் குத்தகைக்குப் போயின. எடுத்த கூட்டணியின் தலைமை நிறுவனம் செருமனியின் பிராபோர்ட்டு. அதன் பங்குகளில் பாதிக்கு மேல் எசன் மாநில அரசிடமும் பிராங்குபர்ட்டு நகராட்சியிடமும் உள்ளவை. பொதுவுடைமை கிரேக்கனிடம் இருந்தால் வீண். செருமானியனிடம் இருந்தால் திறமை!

வேறு வழியே இல்லை என்றனர் அல்லரோ? ஐசுலாந்து 2008இல் இதனினும் பெரிய குழியில் விழுந்தது. அதன் மூன்று பெரிய வைப்பகங்களின் உடைமை நாட்டின் ஆண்டு விளைவைப் போல் பல மடங்கு. அரசு அவற்றை விழவிட்டது. வெளிநாட்டுக்குப் பணம் ஓடுவதைத் தடுத்தது. தனியார் வைப்பகத்தின் கடனைக் குடிமக்கள் தலையில் கட்டும் உடன்பாட்டை 2010, 2011 ஆகிய இரண்டு வாக்கெடுப்புகளிலும் மக்கள் மறுத்தனர். துன்பம் இல்லாமலில்லை, நாணய மதிப்புச் சரிந்து விலைகள் ஏறின, வீட்டுக்கடன்கள் வீங்கின. ஆயினும் வேலையின்மை பத்து விழுக்காட்டை எட்டாமலே இறங்கியது. ஐசுலாந்துக்குத் தன் நாணயம் இருந்தது, கிரேக்கத்துக்கு இல்லை. தன் நாணயத்தை அயலார் கையில் ஒப்படைத்த நாடு, நெருக்கடி வந்த நாளில் தன் மக்களுக்குக் கஞ்சி வார்க்கவும் அயலாரிடம் இசைவு கேட்டு நிற்கவேண்டும்.

யூரோ நாடுகளைக் கட்டிய கயிறு, பற்றாக்குறை 3 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்னும் 1992ஆம் ஆண்டின் மாசுட்டிரிக்டு நெறி. அந்த 3 எங்கிருந்து வந்தது? 1981இல் பிரெஞ்சு அரசின் வரவு செலவுத்துறையில் ஒரு மணிப்பொழுதுக்குள் பிறந்த எண் அது. எந்தப் பொருளியற் கோட்பாடும் அதற்கு அடிப்படையன்று என்று அதனை உருவாக்கியோருள் ஒருவரான கீ அபெய் பின்னாளில் தாமே சொன்னார். அதே எண்ணைத்தான் இந்திய ஒன்றியம் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் இலக்காக வைத்தது. மாநிலங்களுக்கும் அதுவே பொது அளவுகோலாயிற்று. மாநிலங்களுக்கு நாணயமும் இல்லை. ஒன்றிய அரசுக்குக் கடன்பட்டிருக்கும் மாநிலம் அதன் இசைவின்றி வேறு கடனும் வாங்கலாகாது என்கிறது அரசியலமைப்பின் 293ஆம் பிரிவு. கிரேக்கத்தின் கதை தொலைவில் நடந்த கதை என்று தமிழர் எண்ணிவிட வேண்டா.

இன்று கிரேக்கம் தேறிவிட்டது, மருந்து வேலை செய்துவிட்டது என்று சிலர் முரசறைகின்றனர். 2020இல் தொற்றுநோய் வந்தபோது ஐரோப்பிய ஒன்றியம் தன் நெறிகளைத் தானே நிறுத்தி வைத்தது. 75,000 கோடி யூரோ அளவில் பொதுக்கடன் திரட்டி நாடுகளுக்குப் பகிரத் திட்டமிட்டது. பணம் செலவாயிற்று, வேலையின்மை இறங்கியது, விளைவும் விலையும் ஏற ஏற, அவ்வாண்டில் 200 விழுக்காட்டைத் தாண்டி நின்ற கிரேக்கக் கடன் 2024க்குள் 160க்கும் கீழே வந்தது. ஐந்தாண்டு வெட்டியும் ஏறிய அளவு, நாடு வளர்ந்தபோது இறங்கிற்று! ஆயினும் 2024இலும் அந்நாட்டின் உண்மை விளைவு 2008ஆம் ஆண்டின் அளவை எட்டவில்லை. வெளியேறியோருள் பலர் திரும்பவில்லை. 2018இல் மூவர் அணி விடைபெற்றபோது கிரேக்கத்திடம் எழுதி வாங்கிய உறுதிமொழி ஒன்றுண்டு: வட்டிக்கு முந்தைய மிகுவரவாக ஆண்டு விளைவில் 3.5 விழுக்காட்டை 2022 வரையிலும், அதன்பின் ஏறத்தாழ 2.2 விழுக்காட்டை 2060 வரையிலும் ஒதுக்கி வைக்க வேண்டும். அவ்வாண்டில் ஏதென்சில் பிறந்த குழந்தைக்கு அப்போது அகவை நாற்பத்திரண்டு இருக்கும்.