அழகுக்காக பிரேக்கை அடகு வைக்காதீங்க!

மக்களே, கஸ்டம் பைக் கட்டுறவங்க மேல எனக்கு ஒரு கோபம். பெல்ட்டைக் கழட்டிட்டு செயின் மாட்டுறதுல தப்பே இல்லை. 1955-ல சென்னையில பொருத்த ஆரம்பிச்ச நாள்லேர்ந்து புல்லட் செயின்லதானே ஓடுது? ஆனா பின் சக்கரத்தோட ஒரு பக்கம் ‘பளிச்’னு வெறுமையா தெரியணும்னு, ஸ்ப்ராக்கெட்டையும் பிரேக் டிஸ்க்கையும் ஒரே தகடா மாட்டுறாங்க பாருங்க, அதுதான் வம்பு.

செயினுக்கு எண்ணெய் வேணும். டிஸ்க்குக்கு எண்ணெய் ஆகவே ஆகாது. செயின்லேர்ந்து தெறிக்கிற எண்ணெய் பேடுல பட்டா பிடிமானம் போச்சு!

“பழைய புல்லட்லயும் பல்சக்கரமும் டிரம்மும் ஒண்ணாத்தானே இருந்துச்சு?”ன்னு கேப்பீங்க. ஆமா. ஆனா அங்க பிரேக் ஷூ டிரம்முக்குள்ள மூடிக் கிடக்கும். அதுலயும் பல் தேய்ஞ்சா மொத்த டிரம்மையும் மாத்தணும், தண்டச் செலவு.

எங்க குத்தாலம் பக்கம் வந்து பாருங்க. அறுவடை நேரத்துல ரோட்டுலயே நெல்லு காயும். ஆடு மாடு திடீர்னு குறுக்க வரும். அங்க பிரேக் பிடிக்கலைன்னா அந்த அழகை வச்சு என்ன பண்றது?

பதிவுச் சான்றுல இருக்குற தயாரிப்பாளர் விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு 2019-லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. சட்டத்தை விடுங்க, உங்க உசுரை யோசிங்க. செயின் ஒரு பக்கம், டிஸ்க் மறுபக்கம். அவ்ளோதான் மேட்டர்!